அன்நோன் ஆல்பம்: பாகலூர் மெமரி கார்டில் ஒரு பாட்டு வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)



போன எபிசோட் முடியும்போது உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருந்தேன். ராக் அல்லது ஹிப்-ஹாப், உங்களுக்குப் பிடித்த அஞ்சு ஆல்பம் எது, ஏன் பிடிக்கும், ஒரு நிமிஷத்துக்குள்ள வாய்ஸ் நோட் அனுப்புங்கன்னு. நிறைய பேர் அனுப்பியிருந்தீங்க, ரொம்ப நன்றி. அதிகம் பேர் சொன்னது லிங்கின் பார்க்கின் 'ஹைப்ரிட் தியரி'. அதுக்கப்புறம் மெட்டாலிகா, எமினெம், கென்ட்ரிக் லமார். தமிழில் ஹிப்ஹாப் தமிழாவும் அறிவும். எமினெமா கென்ட்ரிக்கான்னு ரெண்டு பேர் போட்ட சண்டை, குறிச்ச ஒரு நிமிஷத்தைத் தாண்டி பதினோரு வாய்ஸ் நோட் வரைக்கும் போச்சு.

அதுக்கு நடுவுல எங்க ஊரிலிருந்தே ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினது எங்க பெரியப்பா பையன். என்னைவிட எட்டு வயசு பெரியவர். ஓசூர் சிப்காட்டில் கம்பெனி வேன் ஓட்டுகிறார். அவர் சொன்னது இதுதான்:

"டேய் தம்பி, ஆல்பம்னா ஒரு பாட்டுதானேடா? படத்துல வராத பாட்டு. நீ என்னமோ இந்த ஆல்பத்துல மூணாவது பாட்டு, அந்த ஆல்பத்துல ஏழாவது பாட்டுன்னு பேசிட்டிருக்க. ஒரு பாட்டுக்குள்ள எப்படிடா ஏழு பாட்டு வரும்?"

நான் சிரிச்சேன். சிரிச்சதோட விட்டிருந்தா பரவாயில்லை. ஆபீஸ் நண்பர்கள் குரூப்பில் அதை ஃபார்வர்டு பண்ணினேன். அவங்களும் சிரிச்சாங்க. ராத்திரி எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வீட்டுக்கு வரும்போது, அத்திப்பள்ளி தாண்டினதும் மனசு உறுத்த ஆரம்பிச்சது. ஏன்னா, நான் வாழ்க்கையில் முதன்முதலா கேட்ட ராப் பாட்டை எனக்குக் கொடுத்தவரே அவர்தான். இன்னொரு விஷயமும் தோணுச்சு. அவர் சொன்னது தப்பே இல்லை. தமிழ்நாட்டில் 'ஆல்பம் பாட்டு'ன்னா ஒரு பாட்டுதான்.

இது எப்படி ஆச்சு? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

ஆல்பம் எங்கிருந்து வந்தது?

ஆல்பம்ங்கிற சொல்லை இசைக்காரங்க உருவாக்கலை. போட்டோ ஆல்பத்திலிருந்து வந்த பெயர்தான் அது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கிராமபோன் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் மூணு, நாலு நிமிஷம்தான் பாட்டு பிடிக்கும். நீளமான ஒரு இசையை விற்கணும்னா நாலஞ்சு தட்டுகள் வேணும். அந்தத் தட்டுகளை உறைகளில் போட்டு, உறைகளைப் புத்தகம் மாதிரி தைத்து விற்றார்கள். பார்க்க போட்டோ ஆல்பம் மாதிரியே இருந்ததால் பெயரும் அதுவே ஆயிடுச்சு.

1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல். புத்தகம் போய் ஒரே தட்டு ஆச்சு, ஆனா பெயர் மட்டும் ஒட்டிக்கிச்சு. அறுபதுகளில் ராக் இசைக்காரர்கள் அந்த நாற்பது நிமிஷத்தையும் ஒரே படைப்பா யோசிக்க ஆரம்பிச்சாங்க. 1967இல் வந்த பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' அதுக்குப் பெரிய உதாரணம். எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில், அட்டையில் என்ன படம், எல்லாமே படைப்பின் பகுதி. "பிடிச்ச ஆல்பம் எது"ங்கிற கேள்வியே அந்த உலகத்தில் பிறந்த கேள்விதான்.

நம்ம ஊரில் அந்த இடத்தில் சினிமா இருந்தது. அஞ்சாறு பாட்டு, ஒரு படம், ஒரு இசையமைப்பாளர். அதை யாரும் ஆல்பம்னு சொன்னதில்லை, 'படப் பாட்டு' அவ்வளவுதான். அந்த அஞ்சாறு பாட்டைக்கூட வரிசையாகக் கேட்டவங்க குறைவு. எங்க அப்பா காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. ஒரு பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தா, அறுபது நிமிஷ கேசட்டிலோ தொண்ணூறு நிமிஷ கேசட்டிலோ பதிஞ்சு தருவாங்க. ஒரு பக்கத்தில் மிச்சம் ரெண்டு நிமிஷம் இருந்தா, அதுக்கு என்ன பாட்டு பொருந்தும்னு கடைக்காரரே முடிவு பண்ணுவார். இன்னைக்கு நாம பிளேலிஸ்ட்னு சொல்றதை எங்க அப்பா கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கார்.

தொண்ணூறுகளில் நிலைமை கொஞ்சம் மாறுச்சு. 1992இல் பாபா சேகலின் இந்தி ராப் 'டண்டா டண்டா பானி'. 1995இல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா'. தமிழில் 1994இல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் 'பேட்டை ராப்' வந்தது. அதைப் பாடினவர்களில் ஒருவரான சுரேஷ் பீட்டர்ஸ், 'மின்னல்'னு சினிமாவுக்கு வெளியே தனியா ஒரு ஆல்பம் போட்டார். கடையில் இது ஆல்பமாத்தான் வந்தது. ஆனா டி.வி.யில் அதிலிருந்து ஒரே ஒரு பாட்டுக்குத்தான் வீடியோ வரும். ஊர் பார்த்தது அந்த ஒரு பாட்டைத்தான். அதனால 'படத்துல வராத பாட்டு' என்பதற்கு ஆல்பம் பாட்டுன்னு பெயர் விழுந்தது. இன்னைக்கு யூடியூபில் ஒரே ஒரு பாட்டை ரிலீஸ் பண்ற பையனும் "எங்க ஆல்பம் வந்திருக்கு ப்ரோ"ன்னுதான் சொல்றான்.

ஆக, எங்க அண்ணன் சொன்னது அறியாமை இல்லை. நம்ம வரலாறு அது.

நூத்தி இருபத்தெட்டு பைட்

இப்போ பாகலூருக்கு வருவோம். பெங்களூரு ஏர்போர்ட் பக்கத்திலும் ஒரு பாகலூர் இருக்கு, அது இல்லை. எங்களோடது கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூரிலிருந்து மாலூர் போற ரோட்டில் இருக்கு. கொஞ்சம் தள்ளினா கர்நாடகா. ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கேட்கும். ஒரு பக்கம் ரோஜா வளர்க்கிற பசுமைக்குடில்கள், இன்னொரு பக்கம் ஷிஃப்டுக்கு ஆள் ஏத்துற கம்பெனி வண்டிகள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும் இங்கே வேலைக்கு வந்தவங்க இருக்காங்க. அதனால பாட்டும் எல்லா ஊர்லேருந்தும் வந்தது.

நான் ஆறாவது, ஏழாவது படிக்கும்போது பாட்டு வந்த வழி செல் கடை. மெமரி கார்டைக் கொடுத்து முப்பது ரூபாய் வச்சா, கடைக்காரர் கம்ப்யூட்டரில் சொருகி ஒரு ஃபோல்டரை அப்படியே ஏத்திக் கொடுப்பார். 128 கே.பி.பி.எஸ். தரத்தில் ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி. ஆகும். ரெண்டு ஜி.பி. கார்டில் நானூறு பாட்டு. எங்க அண்ணன் அவரோட பழைய ரெண்டு ஜி.பி. கார்டை எனக்குக் கொடுத்தார். போனில் போட்டா ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே ஆங்கிலத்தில் ரெண்டு வரி வரும்: 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்', 'அன்நோன் ஆல்பம்'. யாருன்னு தெரியாது, எந்த ஆல்பம்னு தெரியாது.

ரொம்ப நாள் எனக்கு அது ஒரு பேண்டோட பேருன்னு நினைப்பு. சத்தியமா.

இந்த இடத்தில் கொஞ்சம் இன்ஜினியரா பேசிக்கிறேன், பொறுத்துக்கோங்க. எம்.பி.3 ஃபைலில் பாட்டோட பெயரை வைக்க ஆரம்பத்தில் இடமே கிடையாது. 1996இல் ஐ.டி.3ன்னு ஒரு முறை வந்தது. ஃபைலின் கடைசியில் சரியா 128 பைட் ஒட்டவைப்பாங்க. 'டேக்' என்கிற அடையாளத்துக்கு 3, பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, மிச்சம் 1 பைட் இசை வகைக்கு. கூட்டிப் பாருங்க, 128 வரும். வகைக்குப் பெயர் எழுத முடியாது, எண்தான். ஹிப்-ஹாப் 7, மெட்டல் 9, ராப் 15, ராக் 17. மொத்தம் 80 வகை. ஐரோப்பாவின் போல்கா நடனத்துக்குக்கூட 75ன்னு ஒரு எண் இருந்தது. கானாவுக்கு இல்லை. கர்நாடக சங்கீதத்துக்கு இல்லை.  அதுக்கெல்லாம் 12, அதாவது 'மற்றவை'.

அந்த 128 பைட்டையும் நம்ம ஊர்ப் பக்கம் யாரும் ஒழுங்கா நிரப்பலை. திருட்டுத்தனமா பாட்டு ஏத்துற வெப்சைட்டுகள் ஆல்பம் இடத்தில் தங்களோட முகவரியைப் போட்டுக்கிட்டாங்க. பாட்டை உருவாக்கினவன் பெயர் அழிஞ்சு, பாட்டைத் திருடினவன் பெயர் நின்னுச்சு.

வல்லவன்

அந்தக் கார்டில் ஒரு பாட்டு இருந்தது. இளையராஜா இசையில் 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டு மாதிரி ஆரம்பிக்கும், ஆனா திடீர்னு மூணு பேர் மாத்தி மாத்தித் தமிழில் ராப் பண்ணுவாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அந்த உச்சரிப்பு எங்க ஊர் இல்லை, சென்னையும் இல்லை. யாருன்னு தெரியாமலே ரெண்டு வருஷம் கேட்டேன்.

அது மலேசியா. யோகி பி & நட்சத்ரா. 2006இல் வந்த 'வல்லவன்' ஆல்பம். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என மூணு பேர். முழு நீளத் தமிழ் ராப் ஆல்பம்னு பேச்சு வந்தா இன்னைக்கும் ரசிகர்கள் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

இது திடீர்னு முளைச்சதில்லை. யோகி பி அதுக்கு முன்னாடி 'பொயட்டிக் அம்மோ'ங்கிற குழுவில் இருந்தார். 1998இலிருந்து ஆல்பம் போட்ட குழு, பெரும்பாலும் ஆங்கிலம், நடுவில் தமிழும் மலாயும். அதுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. பிரிட்டிஷ் காலத்தில் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் இவங்க. பின்னாடி தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர ஓரங்களுக்கு வந்தன. அங்கே வளர்ந்த பையன்களுக்கு நியூயார்க் பிராங்ஸ் பகுதியிலிருந்து வந்த ராப் அந்நியமாத் தெரியலை. இதுவும் நகரத்தின் ஓரத்தில் நின்னு பேசுற இசைதானே.

'வல்லவன்' ஒரு விஷயத்தை நிரூபிச்சது. தமிழ் ராப்புன்னா இங்கிலீஷ் மெட்டில் ரெண்டு தமிழ் வார்த்தையைத் தூவுறது இல்லை. தமிழில் எதுகை, மோனை ஏற்கெனவே இருக்கு, தாளத்தில் அடுக்கிச் சொல்ற பழக்கம் இருக்கு. அதை அப்படியே பீட்டில் வைக்கலாம். அதுக்கப்புறம் சினிமாவும் யோகி பியைத் தேடிப் போச்சு. 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' ரீமிக்ஸ், 2011இல் 'ஆடுகளம்', 2018இல் 'காலா'.

2012இல் ஆதியும் ஜீவாவும் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்தை வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடியே 'கிளப்புல மப்புல' ஊரெல்லாம் பரவியிருந்தது. அப்போ நான் பத்தாவது. ரெண்டையும் சேர்த்துப் பேசினா இன்னைக்கும் சண்டை வரும். "தமிழ்நாட்டில் ராப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது ஆதிதான்"னு ஒரு கட்சி. "அது சரி, ஆனா அந்தப் பாட்டு பொண்ணுங்களுக்குப் பாடம் எடுக்குது"ன்னு இன்னொரு கட்சி. இந்த தடவை வந்த வாய்ஸ் நோட்டில்கூட ஒரு தங்கச்சி சொன்னாங்க: "எட்டாவது படிக்கும்போது டான்ஸ் ஆடினேன், இப்போ வரியைக் கேட்டா எரிச்சலா வருது." ரெண்டு கட்சியிலும் நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன். ஒரு ஆல்பம் உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம், நீங்க உள்ளே போய் அதையே கேள்வியும் கேட்கலாம்.

நான் மறைச்ச கதை

அப்புறம் இன்ஜினியரிங் காலேஜ். ஹாஸ்டலில் முதல் வாரம் ஒரு சீனியர் கேட்டார்: "என்ன மியூசிக் கேப்ப?" நான் "யோகி பி"ன்னு சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்தவன் "பிங்க் ஃபிளாய்ட்"னான். அடுத்தவன் "அயர்ன் மெய்டன்"னான். நான் "லிங்கின் பார்க்"னு சொல்லிட்டேன். அப்போ எனக்கு லிங்கின் பார்க்கில் ஒரே ஒரு பாட்டுதான் தெரியும்.

அடுத்த நாலு வருஷம் நான் ராக் ஆளா இருந்தேன். நடிப்பில் ஆரம்பிச்சது உண்மையாவே ஆயிடுச்சு, அது வேற விஷயம். ராக் கேட்கிறவன் ஒசத்தி, தமிழ் ராப் கேட்கிறவன் லோக்கல்னு ஒரு ஏணி இருந்தது. யாரும் எழுதி வைக்கலை, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

எங்க பகுதிக்கு அந்த ஏணியின் மேல்படி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பெங்களூரு அரண்மனை மைதானம் எங்க ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அங்கே வந்தாங்க. 2007 மார்ச் 17இல் அயர்ன் மெய்டன், அதே வருஷம் ஜூனில் ஏரோஸ்மித். 2011 அக்டோபர் 30இல் மெட்டாலிகா. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி டெல்லி பக்கம் குர்கானில் நடக்கவேண்டிய நிகழ்ச்சி ரத்தாகி ரகளை ஆனதால், பெங்களூருவில் நடக்குமா நடக்காதான்னே எல்லாரும் பயந்தாங்க. நடந்தது.

காலேஜில் இந்தத் தேதிகளைப் புராணம் மாதிரி சொல்லுவாங்க. யாரோட அண்ணன் போனான், யார் டிக்கெட்டை லேமினேட் பண்ணி வச்சிருக்கான். நான் வாயை மூடிக்கிட்டுக் கேட்டுட்டு இருப்பேன். எங்க வீட்டிலேருந்து ஒருத்தர் அந்த மெட்டாலிகா கச்சேரிக்குப் போயிருந்தார்னு எனக்கு அப்போ தெரியாது. அதைக் கடைசியில் சொல்றேன்.

சுவரை உடைச்சது யார்?

ராக் ஒசத்தி, ராப் கம்மிங்கிற ஏணி நம்ம கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவிலேயே இருந்தது. அங்கே அதை உடைச்ச கதை சுவாரசியமானது.

1973 ஆகஸ்ட் 11. பிராங்ஸில் கூல் ஹெர்க் என்ற டி.ஜே. நடத்தின பார்ட்டியைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுறாங்க. ஹெர்க் ஒரு வேலை செய்வார். தன்னோட தட்டுகளைத் தண்ணீரில் ஊறவச்சு லேபிளை உரிச்சிடுவார். போட்டி டி.ஜே.க்கள் எட்டிப் பார்த்தாலும் எந்தத் தட்டுன்னு கண்டுபிடிக்கக் கூடாது, அதுக்காக. பாருங்க, எங்க மெமரி கார்டுக்கு முப்பது வருஷம் முன்னாடியே 'அன்நோன் ஆல்பம்'! அவருக்கு அது தொழில் ரகசியம். எங்களுக்கு அது விதி.

1986இல் ரன்-டி.எம்.சி. என்ற ராப் குழு, தயாரிப்பாளர் ரிக் ரூபின் சொல்லி, ஏரோஸ்மித்தின் 1975 பாட்டான 'வாக் திஸ் வே'யைத் திரும்பச் செஞ்சாங்க. அந்தப் பாட்டின் தொடக்க டிரம்ஸ் மேல அவங்க பல வருஷம் ராப் பண்ணியிருக்காங்க, ஆனா பாட்டோட பெயரே தெரியாதாம். பதிவுக்கு ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலரும் ஜோ பெர்ரியும் நேரில் வந்தாங்க. வீடியோவில் ரெண்டு குழுவும் பக்கத்துப் பக்கத்து ரூமில் இருப்பாங்க, நடுவில் சுவர் உடையும். 2000இல் வந்த 'ஹைப்ரிட் தியரி' அந்த உடைஞ்ச சுவர் வழியா நடந்து வந்த ஆல்பம்தான். நான் ராக்குன்னு பெருமையா சொல்லிக்கிட்டதில் பாதி ராப்.

இதில் நம்ம ஆள் ஒருத்தரும் உண்டு. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழிச்சு, போரால் திரும்ப லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. 2005இல் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வச்சார், 'அருளர்'. 2007இல் ரெண்டாவதுக்கு அம்மா பெயர், 'கலா'. அமெரிக்க விசா சிக்கலால் அவர் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செஞ்ச ஆல்பம் அது. சில பகுதிகள் சென்னையில் பதிவாயின. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் நம்ம உறுமிச் சத்தம் கேட்கும். அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்', இங்கிலாந்து பங்க் ராக் குழுவான தி கிளாஷின் 1982 பாட்டு ஒன்றின் மேல் கட்டினது. அடுத்த வருஷமே அதை எடுத்து ஜே-இசட், கான்யே வெஸ்ட் எல்லாம் சேர்ந்து இன்னொரு பாட்டு கட்டினாங்க. இங்கிலாந்து ராக், யாழ்ப்பாணத்துப் பொண்ணு, அமெரிக்க ராப். ஏணி எங்கே இருக்கு இதில்?

பெயர் எழுதுவது

இப்போ தமிழ்நாட்டுக்கு. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அன்னைக்கு மேடை ஏறினாங்க. 19 பேர். கானா பாடுறவங்க, ராப் பண்றவங்க, சட்டியும் தோலக்கும் அடிக்கிறவங்க, கூடவே ராக் கிட்டாரும் டிரம்ஸும். அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்தின 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஐ.டி.3 பட்டியலில் இடமே இல்லாத கானா, எண் 15 ராப்போடும் எண் 17 ராக்கோடும் ஒரே மேடையில் நின்னுச்சு. 'மற்றவை'ன்னு யாரும் சொல்ல முடியாது.

அந்த மேடையிலிருந்து நமக்கு நல்லாத் தெரிஞ்ச பெயர், அறிவு. 2019இல் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார். வாய்ஸ் நோட்டில் ஒரு நண்பர் சொன்ன மாதிரி, "முதல் பாட்டிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சில் கேட்ட முதல் தமிழ் ஆல்பம்" பல பேருக்கு அதுதான்.

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி'. தீ, அறிவு, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைச்சுத் திரும்பி வந்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் இருக்கு. அதே வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்த கனடா ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தாங்க. அறிவு இல்லை. பா. ரஞ்சித் உட்பட நிறைய பேர் கேள்வி கேட்டாங்க. அப்புறம் அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டபோது மறுபடியும் விவாதம். நான் எழுதி, இசையமைத்து, பாடினேன்னு அறிவு சொன்னார். அது எல்லாரும் சேர்ந்து செய்தது, அவருக்கு உரிய இடத்தை எப்போதும் சொல்லித்தான் வந்திருக்கோம்னு தீயும் சந்தோஷ் நாராயணனும் சொன்னாங்க.

யார் சொன்னது சரின்னு தீர்ப்பு சொல்ல நான் வரலை. ஒண்ணு மட்டும் கவனிங்க. கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டு. ஸ்டுடியோ, லேபிள், யூடியூப் விவரக் குறிப்பு எல்லாம் இருந்த காலம். அப்பவும் பெயர் எங்கே, எந்த வரிசையில், எந்த அளவில் வரணும்ங்கிறதுதான் சண்டை. 128 பைட் இப்போ எவ்வளவோ பெரிசாயிடுச்சு. அதுக்குள்ள யார் பெயரை எழுதுறோம்ங்கிற கேள்வி மட்டும் அப்படியே இருக்கு.

கார்டை மறுபடி திறந்தபோது

போன ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். முதல்ல மன்னிப்பு கேட்டேன், அவரோட வாய்ஸ் நோட்டை நண்பர்களுக்கு அனுப்பிச் சிரிச்சதுக்கு. "அதுக்கென்னடா, நான்கூடத்தான் சிரிச்சேன்"னார். அண்ணி டீ கொடுத்தாங்க. பழைய ரெண்டு ஜி.பி. கார்டு என்கிட்ட இன்னும் இருக்கு. லேப்டாப்பில் போட்டேன். முன்னூத்துச் சொச்சம் ஃபைல் திறந்தது, மத்ததெல்லாம் போச்சு.

என்னோட திட்டம் என்னன்னா, ஒவ்வொரு பாட்டா ஓடவிட்டு, இன்டர்நெட்டில் தேடி, பெயர், ஆல்பம், வருஷம் எல்லாம் நிரப்பி, அவருக்கு ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறது. அவருக்கு நான் கத்துக்கொடுக்கப் போறேன்னு நினைப்பு, பாருங்க.

'மடை திறந்து' ஓடிச்சு. நான் டைப் பண்ண ஆரம்பிக்கிறதுக்குள்ள அண்ணன் சொன்னார்: "யோகி பி. மலேசியாக்காரர். கூட ரெண்டு பேரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படிண்ணா தெரியும்?"

"செல் கடைக்காரர் மலேசியாவுல வேலை பாத்துட்டு வந்தவர்டா. அவர்தான் சொன்னாரு. அங்க டாக்சியில எல்லாம் இந்தப் பாட்டுதான் ஓடுமாம். கார்டு ஏத்தும்போதே ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லித்தான் ஏத்துவாரு."

அடுத்து ஒரு மெட்டாலிகா பாட்டு. "இது அந்தக் குடிகார பேண்டுதானே"ன்னார். சின்னதா சிரிச்சுட்டு, 2011 கதையைச் சொன்னார். ஓசூரிலிருந்து கொஞ்சம் காலேஜ் பசங்களை வாடகை வண்டியில் அரண்மனை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனவர் இவர். பசங்க உள்ளே போயிட்டாங்க, இவர் வெளியே வண்டியில். ராத்திரி முழுக்கச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கார். திரும்பி வர்ற வழியில் எல்லாம் அந்தப் பசங்க எந்தப் பாட்டு எந்த ஆல்பம்னு சண்டை போட்டுக்கிட்டே வந்திருக்காங்க. "அவனுங்க பேசினதைக் கேட்டுக் கேட்டே எனக்கு நாலஞ்சு பேரு மனப்பாடம் ஆயிடுச்சு. மறுநாள் கடைக்குப் போய் அதெல்லாம் ஏத்திக்கிட்டேன். உனக்குக் கொடுத்ததுல இருந்துச்சே, நீ கேக்கலையா?"

இருந்தது. காலேஜ் போறதுக்கு முன்னாடியே என் கையில் இருந்தது. ஃபைல் பெயர் 'டிராக் 04'. நான் அதைத் தாண்டிப் போயிருக்கேன்.

பெயர் ஃபைலில் இல்லைங்கிறதால பெயரே இல்லைன்னு நான் நினைச்சிருந்தேன். பெயர் இருந்தது. செல் கடைக்காரர் வாயில் இருந்தது, வேனில் சண்டை போட்ட பசங்க வாயில் இருந்தது, எங்க அண்ணன் நினைவில் இருந்தது. நான்தான் கேட்கவே இல்லை. இந்த எபிசோடுக்காக நான் படிச்ச வரலாறு முழுக்கத் தேடினா எங்கேயும் அந்தச் செல் கடைக்காரர் வரமாட்டார். ஆனா 'வல்லவன்' பாகலூருக்கு வந்தது அவர் வழியாத்தான். கடை இப்போ இல்லை. அவர் எங்கே இருக்கார்னு அண்ணனுக்கும் தெரியலை.

சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்து நூத்திப் பத்து பாட்டுக்குப் பெயர் போட்டோம். அண்ணன் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினேன். ஐ.டி.3யில் 'குறிப்பு'ன்னு 30 எழுத்துக்கு ஒரு இடம் இருக்குன்னு சொன்னேனே, அதில் பாட்டை யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு எழுதினோம். 'செல் கடை அண்ணன்', 'மெட்டாலிகா வேன் பசங்க', 'பெரியம்மா'. ஆமாம், பெரியம்மாவுக்கும் ஒரு பாட்டு இருக்கு, 'பேட்டை ராப்'.

அண்ணனோட பிடிச்ச அஞ்சு ஆல்பம் என்னன்னு கடைசியில் கேட்டேன். "அஞ்சு எல்லாம் தெரியாது. அந்த மலேசியாக்காரர் ஆல்பத்துல மத்த பாட்டெல்லாம் எப்படி இருக்கும்? நமக்கு ஒண்ணுதானே வந்துச்சு"ன்னார். 'வல்லவன்' முழுசையும் முதல் பாட்டிலிருந்து வரிசையாப் போட்டேன். நாலாவது பாட்டில் ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டார். மிச்சத்தை வேனில் கேட்டுக்கிறேன்னு பென்டிரைவை எடுத்துக்கிட்டார்.

அடுத்த எபிசோடுக்கு என் கேள்வியைக் கொஞ்சம் மாத்திக்கிறேன். அஞ்சு ஆல்பம் வேண்டாம், ஒண்ணு போதும். பாட்டாக இருந்தாலும் சரி. அதோட, அதை உங்களுக்கு முதன்முதலா யார் சொன்னாங்கன்னும் சொல்லுங்க. வாய்ஸ் நோட் ஒரு நிமிஷத்தைத் தாண்டினாலும் இந்தத் தடவை நான் வெட்டமாட்டேன்.

அதுவரைக்கும், பாகலூரிலிருந்து விடைபெறுகிறேன். வணக்கம்.